குனிந்து கும்பிட்ட குட்டிக்கீரை

விடிந்தும் விடியாமலும் எங்கள் பண்ணை வாசலில் வரிசை நின்றது. கீரை வாங்க அல்ல. கீரை வாங்க இத்தனை பேர் வந்திருந்தால் நாங்கள் எப்போதோ உருப்பட்டிருப்போம். கீரை ஒரு மனிதரைக் கும்பிடுகிறதாம். அதைப் பார்க்க வந்த கூட்டம்.

சின்னப் பண்ணைதான். இருட்டறையில் வைக்கோல் பைகளில் காளான். அது என் நாத்தனாரின் ராஜ்ஜியம். இன்னொரு அறையில் தட்டுத் தட்டாக மைக்ரோகிரீன், அதாவது விரல் நீளம் வளர்ந்ததும் வெட்டி விற்கிற குட்டிக்கீரை. அது என் வீட்டுக்காரருடையது. கரண்ட் பில்லுக்குப் பயந்து அங்கே விளக்குப் போடுவதில்லை. எதிரெதிரே இருக்கும் இரண்டு ஜன்னல்களை நம்பித்தான் பிழைப்பு.

வீட்டுக்காரருக்கு ஒருநாள் தோள் பிடித்துக்கொண்டது. தட்டுகளை யாரும் தொடவில்லை. மறுநாள் அவர் வந்து பார்த்தபோது, கைரேகை பார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஒருவர் முள்ளங்கிக் கீரை வாங்க வந்து, முன் ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “முதுகுல வெயில் சுடுதும்மா” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டும் இருந்தார். எதிரே மேசையில் இருந்த கீரை மொத்தமும் அவர் பக்கம் தலைசாய்த்து நின்றது. என் வீட்டுக்காரர் கீரையைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். தடாலென்று காலில் விழுந்தார். வந்தவர் முதலில் திகைத்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு கையை உயர்த்தி ஆசீர்வதித்தார். கைரேகைக்காரர் கீரைச்சாமி ஆனது இப்படித்தான்.

அப்புறம் கேட்கவா வேண்டும்! குறை உள்ளவர்கள் காலையில் ஆளுக்கொரு தட்டு வாங்கிச் சாமியிடம் கொடுப்பார்கள். முளைவிட இருட்டில் மூடி வைத்திருந்து, அப்போதுதான் வெளியே எடுத்த தட்டு. சாயங்காலத்துக்குள் கீரை சாமி பக்கம் குனிந்தால் யோகம். முதுகைக் காட்டினால் தோஷம். பரிகாரம் செய்ய வேண்டும். எந்தத் தட்டை எங்கே வைப்பது என்பது சாமியின் சித்தம். சைக்கிளில் வந்தவர் தட்டு முன் மேசைக்குப் போகும். காரில் வந்தவர் தட்டு பின் ஜன்னலோரம் போகும். பணக்காரர்களுக்கு மட்டும் ஏன் இத்தனை தோஷம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பணம் சேர்ந்தால் பாவமும் சேரும் என்று அவர்களே விளக்கமும் சொல்லிக்கொண்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்டேன்.

“ஏங்க, தினமும் காலையில தட்டையெல்லாம் திருப்பி வைப்பீங்களே, எதுக்கு?”

“திருப்பலைன்னா வெளிச்சத்துப் பக்கம் சாஞ்சிடும். சாஞ்ச கீரையை எந்த ஓட்டல்காரன் வாங்குவான்?”

“அப்ப இது?”

“சீ சீ. அது சாயுறது. இது பக்தி.”

பல வருஷமாகத் தட்டைத் திருப்பிய கை அது.

அதோடு போயிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். நாத்தனாருக்குப் பேக்கரி வீட்டில் சம்பந்தம் பேசி, தேதியும் வைத்திருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் பேரில் ஒரு தட்டு வாங்கினார். காரில் வந்திருந்தார். தட்டு பின் ஜன்னலுக்குப் போனது. சாயங்காலம் கீரை முதுகைக் காட்டியது.

“இருட்டறையில காளானோட பழகுற பொண்ணு. கால் வைக்கிற வீடு இருண்டுடும்” என்றார் சாமி. “பரிகாரம் இருக்கு. கொஞ்சம் செலவாகும்.”

எவ்வளவு என்று கேட்டுக்கொண்டார் பேக்கரியம்மா. கணக்கில் புலி அவர். பரிகாரத்துக்குச் செலவு உண்டு. கல்யாணத்தை நிறுத்தச் செலவே கிடையாது. நிறுத்திவிட்டார். சாமி இதை எதிர்பார்க்கவில்லை, பாவம். மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றான். “அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான்.

நாத்தனார் அழவில்லை. உள்ளே போய்க் காளான் பறித்தாள். பறித்த வேகத்தில் பைகள் கிழிந்தன. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

மறுநாள் நானே சாமியிடம் போனேன். “சாமி, என் நாத்தனார் பேருல இன்னொரு தட்டு வைங்க. இந்தத் தடவை முன் மேசையில. கீரை கும்பிட்டுச்சுன்னா பேக்கரியம்மா மனசு இறங்கும், முந்தின தோஷத்துக்குப் பரிகாரமும் நடக்கும்.”

கைநழுவிய கிராக்கி திரும்பி வருகிறது. சாமி முகம் மலர்ந்தது. “உனக்காவது புத்தி வந்துச்சே” என்றார். 

சாமி சொல்லியனுப்ப, அடுத்த நாள் காலை பேக்கரியம்மாவும் மகனும் வந்தார்கள். ஊரே பார்க்க, புதுத் தட்டை முன் மேசையில் வைத்தேன். சாமி நாற்காலியில் அமர்ந்தார். முளைக்கிற தட்டுகளை மூடும் கறுப்புத் தார்ப்பாயை எடுத்துவந்து அவர் பின்னால் இருந்த ஜன்னலில் மாட்டினேன்.

“ஏய், என்ன பண்றே?”

“முதல் நாளே சொன்னீங்களே சாமி, முதுகுல வெயில் சுடுதுன்னு. எனக்கே மனசு கேக்கலை.”

“எடு எடு. வெளிச்சம் வேணும்.”

“யாருக்கு? உங்களுக்கா, கீரைக்கா?”

சாமி வாயை மூடிக்கொண்டார். அவர் முன்னால் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். கூட்டம் எனக்குத்தான் பரிந்து பேசியது. “நல்ல பொண்ணும்மா, சாமிக்கு நிழல் கட்டுது.”

எதிர் ஜன்னல் திறந்திருந்தது. அதன் கீழே, காய்ப்பு ஓய்ந்து குப்பைக்குப் போக வேண்டிய காளான் பை ஒன்றை நாத்தனார் வைத்திருந்தாள். சாமி மதியம் வயிற்றுவலி என்றார். கஷாயம் கொடுத்து உட்கார வைத்தோம்.

சாயங்காலம் பார்த்தால், முன் மேசைக் கீரை மொத்தமும் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த மக்கிப்போன பைக்குத் தலை வணங்கி நின்றது.

என் வீட்டுக்காரர் மெதுவாக வந்து தார்ப்பாயைத் தொட்டுப் பார்த்தார். தட்டைக் கையில் எடுத்தார். பழக்கதோஷத்தில் திருப்பி வைத்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. “அடப்பாவி, இதைத்தானே நான் தினமும் பண்ணிக்கிட்டிருந்தேன்!”

காரில் வந்தவர்கள் எல்லாம் நாற்காலிப் பக்கம் திரும்பினார்கள். நாற்காலி காலியாக இருந்தது. வயிற்றுவலிக்காரர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. வாசலிலேயே பிடித்து, சட்டைப் பையில் இருந்ததைக் கக்க வைத்தார்கள்.

ஆனால் பின்வரிசையில் ஒரு பெரியவர் காளான் பையின் முன் கைகூப்பி நின்றார். “அப்ப இதுதான் நிஜ சாமியா?” என்று கேட்டார். நாத்தனார் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக் குழியில் போட்டாள்.

பேக்கரியம்மா இளித்தார். “தப்பு நடந்துபோச்சு. குறிச்ச தேதியிலேயே வச்சுக்கலாம். என்னடா?” மகன் தலையாட்டினான்.

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு அவனை ஏறிட்டாள். “அன்னைக்கும் இப்படித்தான் தலையாட்டினீங்க. அம்மாவைப் பாக்காம எனக்கு ஒரு பதில் சொல்ல வந்தா வாங்க. அப்புறம் தேதி பேசலாம்.”

அவன் அம்மாவைப் பார்த்தான். பதில் தெரிந்துவிட்டது. அவள் திரும்பிக் காளான் அறைக்குள் போய்விட்டாள். 

கூட்டம் கலைந்தது. போகிறபோது ஒருவர், அடுத்த தெருவில் தண்ணீர்த் தொட்டி பேசுகிறதாம் என்று சொல்லிக்கொண்டே போனார். கீரைக்கு மூளை கிடையாது. இருந்தும் அது வெளிச்சம் இருக்கிற பக்கமாகத்தான் சாய்ந்தது. மூளை உள்ள நமக்கு என்ன கேடு?