வாத்தியார் தலையில் முளைத்தது

வாத்தியார் ராஜநாயகத்தின் தலையில் முடி முளைத்திருந்தது.

பெரிய கிராணி செல்வராஜு முதலில் அதை நம்பவில்லை. மூக்குக் கண்ணாடியில் பனி படிந்திருக்கிறது என்றுதான் நினைத்தார். கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பள்ளிக்கூடக் கூரைக்குத் தகரம் கேட்டு ஆபீஸ் வாசலில் துரைக்காகக் காத்து நின்ற ராஜநாயகத்தின் உச்சந்தலையில், போன மாதம் வரை வெறும் தரையாகக் கிடந்த இடத்தில், பூனைக்குட்டியின் ரோமம் மாதிரி மெல்லிசாகக் கறுத்திருந்தது.

செல்வராஜுவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? ஊர் ஊராக அலைந்து மருந்து வாங்கித் தடவிக்கொண்டிருந்தவர் அவர். முளைத்ததோ அந்த ஆள் தலையில்.

அவருடைய வயிற்றெரிச்சலின் நியாயம் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எண்பதுகளின் நடுவில், ரிங்லெட் டவுனுக்கு மேலே மலையில் இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டில் பேர்போன வழுக்கைகள் இரண்டு. ஒன்று ஆபீஸில் கிராணியாகக் கணக்குப் பார்க்கும் செல்வராஜுவுடையது. இன்னொன்று எஸ்டேட் தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியர் ராஜநாயகத்துடையது. வயதும் ஏறக்குறைய ஒன்று, பளபளப்பும் ஒன்று. ஆனால் ராஜநாயகத்துக்குக் குரல் இருந்தது. கோயில் திருவிழாவானாலும் கிறிஸ்துமஸானாலும் அவர் மேடையேறி ஒரு பாட்டை எடுத்தால், சனங்கள் வீட்டுக்குப் போகும் நினைப்பே இல்லாமல் நின்று கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களில் செல்வராஜுவின் மனைவி ருக்குமணியும் ஒருத்தி. கேட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து சோறு போடும்போது, “வாத்தியாரு பாடுனா மனசே லேசாயிடுதுங்க” என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் சோறு அவருக்கு இறங்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன்னால் அவள் மனசு ஒரு நாளாவது லேசானதாக அவருக்கு ஞாபகமில்லை. இனிமேல் பாட்டுக் கற்றுக்கொள்ளவும் முடியாது. தொண்டை வாய்த்தது வாய்த்ததுதான். ஆனால் தலையை மாற்றலாம் என்று பேப்பரில் போட்டிருந்தான். பின்மண்டையில் இருக்கும் முடியை வேரோடு எடுத்து முன்மண்டையில் நடுகிறார்களாம். தேயிலைக் கன்றை நாற்றங்காலிலிருந்து எடுத்து மலையில் நடுவதை அன்றாடம் பார்க்கிறவருக்கு அது பெரிய அதிசயமாகத் தெரியவில்லை. குரலில் தோற்றவன் முடியில் ஜெயித்துவிட்டுப் போகிறேன் என்று முடிவு கட்டினார். நல்ல டாக்டராகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹெட் ஆபீஸ் வேலை என்று ருக்குமணியிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு முதலில் ஈப்போவுக்குப் போனார். அறைக்குள் நுழைந்ததுமே திரும்பிவிடலாமா என்றிருந்தது. அந்த டாக்டருக்கே தலையில் ஒன்றும் இல்லை. செல்வராஜு பார்த்த பார்வையிலேயே டாக்டர் புரிந்துகொண்டார். கோபப்படவில்லை.

“என் தலையை நானே அறுத்து நட முடியுமா, மிஸ்டர்? முடி நெறைய இருக்கிற டாக்டரைப் பாத்து மயங்கிடாதீங்க. அது அவருக்கு அவங்கப்பா குடுத்தது.”

பேச்சில் நியாயம் இருந்தது. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. அடுத்த வாரம் கோலாலம்பூரில் ஒரு டாக்டரைப் பார்த்தார். அவருக்குச் சீப்பை விட்டால் மாட்டிக்கொள்ளும்போல அடர்ந்த சுருட்டை முடி. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே செல்வராஜு அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

ஆனால் டாக்டர் உடனே கத்தியை எடுக்கவில்லை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்திலெல்லாம் முடி முளைக்கிறதாம். அதையே பொடித்து ஸ்பிரிட்டில் கரைத்துத் தலையில் தடவக் கொடுக்கிறார்களாம். கொஞ்ச மாதம் காலையும் மாலையும் தடவ வேண்டும். பூனைமுடியாவது எட்டிப் பார்த்தால்தான் நடுவது. பார்க்காவிட்டால் நட மாட்டேன் என்று கறாராகச் சொல்லி ஒரு பழுப்புப் போத்தலைக் கையில் கொடுத்தார்.

செல்வராஜு அந்தப் போத்தலை அலமாரியில் தன் கல்யாணப் பட்டு வேட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தவறாமல் தடவினார். தலையணை உறையில் பழுப்புக் கறை விழுந்ததே தவிரத் தலையில் ஒரு மயிரும் வரவில்லை. அந்த நேரத்தில்தான் ராஜநாயகத்தின் தலை கறுத்தது.

அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“என்ன வாத்தியாரே, தலையில ஏதோ தெரியுது?”

ராஜநாயகம் வெட்கத்தோடு தலையைத் தடவிக்கொண்டார். “எனக்கே ஒண்ணும் புரியல கிராணி. எல்லாம் கர்த்தர் கிருபைலா.”

கிருபையாம். அந்தக் கிருபைக்கு ஒரு கிளினிக் இருக்கும், கதவில் போர்டு இருக்கும், எந்த ஊர் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான், கல்லுளிமங்கன். செல்வராஜு இப்படிக் கறுவிக்கொண்டே வீட்டுக்குப் போனார். ருக்குமணியின் மனசை ஆழம் பார்க்கலாம் என்று, வாத்தியாருக்கு முடி வருகிறதாமே என்று பேச்சுவாக்கில் போட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆமாம், பத்து வயசு குறைந்த மாதிரி இருக்கிறார் என்றாள்.

அன்றிலிருந்து அவருக்கு எல்லாமே தப்பாகத் தெரிய ஆரம்பித்தது. ராஜநாயகத்தின் மனைவி லூர்தம்மாள் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துத் துணி தைப்பவள். ரவிக்கை தைக்கக் கொடுக்கிறேன் என்று ருக்குமணி அந்த வீட்டுக்கு வாரம் தவறாமல் போனாள். ஒருத்திக்கு எத்தனை ரவிக்கைதான் வேண்டும்? அலமாரியைத் திறந்து பார்த்தார். பழைய ரவிக்கைகள்தான் இருந்தன, புதிதாக ஒன்றுகூட இல்லை. அது போகட்டும். சாயங்காலம் அவர் கொழுந்து நிறுக்கும் இடத்தில் இருக்கும்போது ஆள் விட்டுத் தேத்தண்ணி அனுப்பாமல் அவளே ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வருகிற பாதை பள்ளிக்கூடத்தை ஒட்டித்தான் போகிறது. வந்தவள் தேத்தண்ணியைக் கொடுத்ததும் போனாளா? கடைசிக் கூடை நிறுத்து முடியும் வரை கங்காணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கண்ணை நாலா பக்கமும் சுழற்றினாள். யாரைத் தேடுகிறாள் என்று அவருக்கா தெரியாது?

மறுபடியும் கோலாலம்பூருக்கு ஓடினார். டாக்டர் அவர் தலைமேல் குனிந்து பூதக்கண்ணாடியால் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

“தேயிலை வாசனை வருதே.”

“எங்க எஸ்டேட்டுல எதுதான் டாக்டர் தேயிலை மணக்கல? சாமி படம்கூட அந்த வாசனைதான்” என்றார் செல்வராஜு பெருமையாக. இருவரும் சிரித்தார்கள். டாக்டர் மருந்தின் வீரியத்தை இரட்டிப்பாக்கிக் கொடுத்தார்.

அந்த மாதம் ராஜநாயகம் வகிடு எடுக்க ஆரம்பித்தார்.

செல்வராஜுவுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ஒருவேளை நிஜமாகவே கிருபைதானோ என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தா டவுனுக்குப் போய் மாதா கோயிலில் ராஜநாயகத்துக்குப் பின் வரிசையில் உட்கார்ந்தார். பூசை முழுக்க அந்தத் தலை அவர் கண்ணுக்கு நேராகவே இருந்தது. எல்லாரும் முழங்காலிட்டபோது அது இன்னும் கிட்டே வந்தது. கிருபையைக் கேட்க வந்தவர், அந்த முடியைக் கொத்தாகப் பிடித்து இழுக்காமல் இருக்கும் பொறுமையைக் கேட்டுவிட்டுத் திரும்பினார். இரண்டு மூன்று வாரம் இப்படிப் போனதில் பெரிய கிராணி கிறிஸ்தவ வேதத்துக்கு மாறப்போகிறார் என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சாகிவிட்டது. மாரியம்மன் கோயில் தலைவர் ஆண்டியப்பன் மாலையும் எலுமிச்சம்பழமுமாக வீட்டுக்கே வந்து, அப்படி என்ன குறை வைத்துவிட்டோம் என்று கண் கலங்கினார். அவரைச் சமாதானப்படுத்த அந்த வருஷத் திருவிழாவுக்குப் பொருளாளராக இருக்கச் சம்மதிக்க வேண்டியதாயிற்று. திருவிழாவின் முதல் ஏற்பாடே ராஜநாயகத்தின் பாட்டுக் கச்சேரிதான்.

கோலாலம்பூர் டாக்டர் மேல் நம்பிக்கை போய்விட்டது. விசாரித்து விசாரித்துப் பினாங்கில் ஒருவரைக் கண்டுபிடித்தார். அவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மருந்து என்று ஒரு பச்சைப் போத்தலைக் கொடுத்தார். செல்வராஜு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மலையேறினார். பட்டு வேட்டிக்குப் பின்னால் பழுப்புக்குப் பதிலாகப் பச்சை உட்கார்ந்தது.

பச்சைப் போத்தல் வந்த சில வாரங்களில், முடி வெட்டும் காளிமுத்து ஆபீஸ் வாசலில் நின்று ஒரு சேதி சொன்னான். வருஷக் கணக்காக ஓரத்தில் மட்டும் கத்தரி போட்டுக்கொண்டிருந்த வாத்தியாருக்கு, நேற்று முதல் தடவையாக உச்சியில் வெட்டினானாம். கூட்டிப் பெருக்கித்தான் அள்ள வேண்டியிருந்ததாம்.

திருவிழாவன்று ராஜநாயகம் பாடினார். சுதி ஏறும்போது ஒரு கற்றை முடி நெற்றியில் விழுந்தது. அவர் அதை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டார். வரவு செலவுப் பெட்டியோடு மேடையோரம் உட்கார்ந்திருந்த செல்வராஜு கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையில் ருக்குமணி உட்கார்ந்து, தான் வளர்த்த செடி பூத்ததைப் பார்க்கிற மாதிரி அந்தத் தலையையே பார்த்து, தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவர் தன் வாழ்நாளில் வாங்கியதில்லை. அழுகை வந்துவிடுமோ என்று பயந்து உண்டியல் சில்லறையைக் கலைத்துப் போட்டுத் திரும்ப அடுக்கினார்.

கடைசி நம்பிக்கையாகப் பினாங்குக்குப் போனார். டாக்டர் வெகு நேரம் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். மருந்தைத் தடவியதற்கு அடையாளமே இல்லை, இந்த மண்ணில் நட்டால் ஒன்றும் நிற்காது, வயதை ஒப்புக்கொள்ளுங்கள் என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார்.

மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறிய நேரமெல்லாம் செல்வராஜு யோசித்தார். இனி மானம் பார்த்துப் பிரயோசனமில்லை. ராஜநாயகத்தின் காலில் விழுந்தாவது அவருடைய டாக்டர் யார் என்று கேட்டுவிட வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே வாத்தியார் குவார்ட்டர்ஸுக்கு நடந்தார்.

வாத்தியார் இல்லை, மாதா கோயிலில் பாட்டுப் பழக்கப் போயிருந்தார். லூர்தம்மாள் மட்டும் தையல் மிஷினில் குனிந்திருந்தாள். இவரைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று மிஷின் மேல் கிடந்த துணியை இழுத்து எதையோ மூடப் பார்த்தாள். அவசரத்தில் துணி நழுவிக் கீழே விழுந்தது. அங்கே ஒரு பச்சைப் போத்தல் நின்றது. பினாங்கு டாக்டரின் லேபிளில் செல்வராஜு என்று அவர் பெயரே எழுதியிருந்தது. பக்கத்திலேயே ஒரு தேங்காயெண்ணெய்ப் போத்தலும் புனலும் இருந்தன.

“இது எப்படி இங்க வந்துச்சு?” என்றார்.

லூர்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மருந்து வந்த முதல் வாரத்திலேயே ருக்குமணி கண்டுபிடித்துவிட்டாள். பட்டு வேட்டிக்கு வெயில் காட்ட எடுத்தபோது போத்தல் கையில் அகப்பட்டதாம். அதிலிருந்து வாராவாரம் ரவிக்கைத் துணிக்குள் சுற்றி அதை இங்கே கொண்டுவந்துவிடுவாள். புது மருந்து வந்தால் அதை இங்கே ஊற்றிவிட்டு, ஆறின கடுந்தேத்தண்ணியில் ரெண்டு சொட்டு ஸ்பிரிட் விட்டு நிரப்புவாள்; மற்ற வாரங்களில் புளித்த தேத்தண்ணியை மாற்றி எடுத்துப் போவாள். நல்ல மருந்தைச் சாக்கடையில் ஊற்ற மனசு வராமல் லூர்தம்மாள் அதை வாத்தியாரின் தலை எண்ணெயில் கலந்து வைத்தாள். வாத்தியாருக்கு இது எதுவும் தெரியாது. அவர் பாவம், தினமும் கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

செல்வராஜு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை மாதம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மண்டையில் தேய்த்தது தேத்தண்ணி. அதுகூட அவருக்கு வலிக்கவில்லை. தன் கையால் தன் புருஷன் மருந்தை எடுத்து இன்னொருத்தன் தலையை வளர்த்திருக்கிறாளே, அதுதான் ஈட்டியாகக் குத்தியது. சந்தேகப்பட்டதெல்லாம் சரியாகப் போய்விட்டது. சரியாகப் போகாமல் இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

“சொல்லிரும்மா,” என்றார் தலையைத் தூக்காமல். “என் வீட்டுக்காரிக்கு வாத்தியார் மேல அவ்வளவு பிரியமா?”

லூர்தம்மாள் திகைத்துப் போய் அவரைப் பார்த்தாள்.

“எங்க வீட்டுக்காரரு மேலயா? ஐயோ, நல்லா கேட்டீங்க ஐயா. ‘மொட்டையா இருக்கறப்பவே கொளுந்து நிறுக்குற எடத்துல பொம்பளைங்க இவரையேதான் சுத்திச்சுத்தி வர்றாளுங்க லூர்து, முடியும் வந்துட்டா எத்தன பேருக்கு நான் காவல் நிப்பேன்’னு வாராவாரம் இந்தப் பெஞ்சுல உக்காந்து அளுதுட்டுப் போறாங்க உங்க வீட்டு அக்கா.”