மூன்றாம் குடத்து ஞானம்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, உரக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில், முன்பு நெல் மூட்டை அடுக்கியிருந்த தகரக் கொட்டகையில் ஞானம் வந்து இறங்கியிருந்தது. காலையில் திறப்பார்கள். மதியம் சாப்பாட்டுக்கு மூடுவார்கள். மின்சாரம் போனால் ஞானமும் போய்விடும்; மைக் இல்லாமல் அது வேலை செய்யாது.

கொட்டகைக்கு வெளியே கார்கள், வேன்கள், இரண்டு சக்கர வண்டிகள். உள்ளே அழுகிற பிள்ளைகள், அழப்போகிற பிள்ளைகள். எல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவை, அல்லது சேர்க்கவே படாதவை. பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைப்பது டெல்டாவில் புதிய மோஸ்தராகியிருந்தது. யோசித்துச் செய்தவர்கள் சிலர். பக்கத்து வீட்டுக்காரி செய்தாள் என்று செய்தவர்கள் பலர். நிறுத்திய பிறகுதான் எல்லோருக்கும் ஒரே கேள்வி வந்தது: சரி, இனி எந்தப் பாடம், எந்தப் புத்தகம்?

அதற்குத்தான் பஞ்சநத அடிகள்.

அடிகள் பூர்வாசிரமத்தில் ஒரு விதைக்கடையில் வேலை பார்த்தவர். பக்தர்கள் இதை வேறு மாதிரி சொன்னார்கள்: "சாமி சின்ன வயசுலேருந்தே வித்துக்களோட பேசுனவரு." அவர் முன்னால் மூன்று செப்புக்குடங்கள். மூன்றிலும் மஞ்சள் கரைத்த தீர்த்தம். குழந்தை ஒரு பிடி நெல்லை எடுத்து ஒவ்வொரு குடத்திலும் கொஞ்சம் போட வேண்டும். எந்தக் குடத்தில் நெல் மிதக்கிறதோ, அந்தக் குடத்தின் கல்வி அந்தக் குழந்தையை ஏந்திக்கொண்டது என்று பொருள். முதல் குடம் நாற்று வழி. இரண்டாவது கதிர் வழி. மூன்றாவது மூலவித்து வழி. வழிக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குள் பாடத்திட்டம், புத்தகம், எல்லாம். மூன்றாம் பெட்டிதான் பெரியது, விலையும் அப்படியே.

வரிசையில் நிற்கும்போதே சீடர் ஒருவர் அன்பாக விசாரிப்பார். "கார்ல வந்தீங்களா, பஸ்ஸா? சார் எங்க வேலையா இருக்காங்க?" பிறகு திரைக்குப் பின்னால் போவார். குடங்கள் புதிதாக நிரம்பி வரும். அப்பா சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு நெல் மூன்றாம் குடத்தில் மிதந்தது. அப்பா உள்ளூரில் வரப்பு வெட்டும் பிள்ளைகளுக்கு முதல் குடத்தில் மிதந்தது. நெல்லுக்குப் பாஸ்போர்ட் பார்க்கத் தெரியும் என்பதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை.

இன்னொன்றையும் யாரும் நினைக்கவில்லை. தீர்த்தம் என்று பேர் வைத்தால் சாக்கடையைக்கூட உள்ளங்கையில் வாங்கிக் குடித்துவிடுகிற ஊர் இது. இந்தத் தீர்த்தத்தை மட்டும் ஒருவரும் குடிக்கக் கூடாது. "நாக்குல பட்டா பிள்ளைக்கு வாக்கு மழுங்கிடும்" என்று அடிகள் எச்சரித்திருந்தார்.

நீலாயதாட்சி தன் மகளோடு அந்த வரிசையில் நின்றாள். வேதாரண்யத்தில் உப்பளத்தை ஒட்டிய தெருவில் பிறந்து, இங்கே நெல் விவசாயம் செய்யும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். மகள் குந்தவைக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த பிள்ளையை நீலாதான் வீட்டுக்கு அழைத்து வந்தாள். இப்போது குந்தவை வாயை மூடுவதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். மருந்துச் சீட்டு, யூரியா மூட்டை, பஸ் போர்டு எதையும் விடுவதில்லை. ஆடு ஒன்று டிக்கெட் வாங்கி டவுன் பஸ்ஸில் ஏறும் ஒரு படக்கதைப் புத்தகத்தை அட்டை கிழியும்வரை படித்துவிட்டு, அட்டை இல்லாமலும் படிக்கிறாள்.

இதில் எங்கே குறை? குறை நீலாவின் தூக்கத்தில் இருந்தது. கணக்குக்கு இந்தப் புத்தகம் சரியா, தமிழுக்கு அந்தப் புத்தகம் சீக்கிரமா என்று ஒவ்வொன்றையும் அவளே தேடி, அவளே வாங்கி, அவளே சந்தேகப்பட்டாள். வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி எழுதுவாள்: ஏழு வயதுக்கு முன் எழுத்தைக் காட்டாதே. இன்னொருத்தி எழுதுவாள்: ஐந்து வயதுக்குள் காட்டாவிட்டால் போச்சு. பள்ளிக்கூடம் தப்பு செய்தால் பள்ளிக்கூடத்தைத் திட்டலாம். வீட்டில் தப்பு நடந்தால்?

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த கணவன் ராம்கி அதையே வேறு மாதிரி சொன்னான். "தேடித் தேடிப் புக்கு வாங்குறியே நீலா, எது சரின்னு உனக்கே தெரியுதா?"

"தெரியலைங்க."

"அப்பறம் என்ன? தெரிஞ்சவங்கள்ட்ட கேப்போம். என் ரூம்மேட்டு பிள்ளைக்கு அங்கதான் பார்த்தாங்க."

"அது இப்ப என்ன படிக்குது?"

"அதெல்லாம் கேக்கல. ஆனா மிதந்துச்சாம்."

மாமனார் வைத்தியலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "மனுசன் பொய் சொல்லுவான். நெல்லு பொய் சொல்லாதும்மா."

கொட்டகையில் அவர்கள் முறை வந்தது. முதல் குடத்தில் நெல் மூழ்கியது. இரண்டாவதில் மூழ்கியது. மூன்றாவதில், குந்தவை மணிக்கட்டுவரை கையை விட்டுத் திறந்தாள். நெல் ஒவ்வொன்றாக மேலே வந்து மஞ்சள் தண்ணீரில் மினுங்கியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. குந்தவை ஈரக்கையைப் பட்டுப்பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"மூலவித்து!" என்றார் அடிகள் மைக்கில். "தாயி, இது சாதாரணப் பிள்ளை இல்ல. உள்ளுக்குள்ள எல்லாம் இருக்கு. ஒன்பது வயசு வரைக்கும் எழுத்தே படக் கூடாது. வீட்ல புஸ்தகம் வச்சிருக்கியா?"

"நிறைய இருக்கு சாமி."

"அதான் குத்தம். எல்லாத்தையும் பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு ஆத்துல விட்டுடணும். மூலப்பெட்டியை அங்கயே கையில தர்றேன்."

மூலப்பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று சீடர் விளக்கினார். எழுத்தில்லாப் புத்தகங்கள். முழுக்க வெள்ளைத் தாள். பிள்ளையின் உள்ளிருக்கும் அறிவு தானே வந்து அதில் படியும். அச்சுக்கூலி மிச்சம் என்பதை அவர் சொல்லவில்லை.

நெல் மிதந்தபோது நீலாவுக்கு வந்தது பயமோ பக்தியோ அல்ல. நிம்மதி. தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. இனி நான் தேர்ந்தெடுக்க வேண்டாம், தவறினால் என் தவறில்லை. அடிகள் விற்றது அந்தப் பெட்டியை அல்ல, இந்த நிம்மதியைத்தான். அதற்கு யாரும் ரசீது கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்து பாவாடையைக் கழற்றும்போது, காய்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருந்ததைப் பார்த்தாள். அவளுடைய அப்பாவின் வேட்டிக் கரையில் தினமும் சாயங்காலம் இருந்த கோடு. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். கரித்தது. துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவளைப்போல் சோறு வடிக்கப் போனாள். தெரிந்துவிட்டால் மூட்டையை மறுபடியும் தூக்க வேண்டியிருக்குமே!

கூடத்தில் குந்தவை ராம்கியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். "அப்பா, எல்லாப் புக்கையும் விட்டுரு. ஆட்டை மட்டும் விடாத. அதுக்கு நீந்தத் தெரியாது."

அவன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

மறுநாள் காலை மாமனார் கொல்லையிலிருந்து கூப்பிட்டார். "நீலா, ஒரு முட்டை எடுத்துட்டு வாம்மா. விதை பார்க்கணும்."

ஆடியில் சம்பாவுக்கு விதை விடும் வீடுகளில் எல்லாம் நடப்பதுதான். பெரிய அண்டாவில் தண்ணீர். முட்டையைப் போட்டால் அடியில் போய்க் கிடக்கும். உப்பைப் போட்டுக் கரைத்துக்கொண்டே வந்தால் முட்டை மெல்ல எழும்பும். அது மேலே மிதந்து, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தலையைக் காட்டினால் உப்பு சரி. அதில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். மிதந்ததை அரித்துக் கோழிக்குப் போட்டுவிடுவார்கள்.

நீலா அண்டாவிலிருந்து எடுத்த முட்டையோடு, மிதக்கும் பதரைப் பார்த்தபடி நின்றாள்.

"என்னம்மா பார்க்குற?"

"இன்னும் உப்பு போட்டா நல்ல நெல்லும் மிதக்குமா மாமா?"

"போட்டுக்கிட்டே போனா எல்லாந்தான் மிதக்கும். எந்தக் கூறுகெட்டவன் அப்படிப் போடுவான்?"

சொல்லிவிட்டு அவர் பதரை அரிக்கக் குனிந்தார். வருடா வருடம் இந்த அண்டா முன்னால் குனிகிறவரும், நேற்று கொட்டகையில் கன்னத்தில் போட்டுக்கொண்டவரும் அவரே. கொல்லையில் தெரிந்த ஒன்றைக் கொட்டகை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் மட்டுமா? அத்தனை பேரும் விவசாயிகள்.

பதினெட்டாம் பெருக்கு. ஆற்றில் பெருக்கு வரவில்லை. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு முழங்கால் அளவுதான் வந்திருந்தது. படித்துறையில் காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு. அவற்றுக்கு நடுவே அடிகளுக்கு ஒரு மேடை, ஒரு மைக். முன்னால் போன குடும்பங்கள் விட்ட புத்தகங்கள் நகர மனமில்லாமல் சேற்றில் கிடந்தன. சற்றுத் தள்ளி ஒரு மினி வேன் நின்றது. நனையாத புத்தகங்களை மட்டும் சீடர்கள் பக்தியோடு அதில் ஏற்றினார்கள். வண்டி பழைய புத்தகக் கடைக்குப் போகும் என்று சந்தேகப்படுவது பாவம்.

நீலா துணிப்பையோடு மேடை ஏறினாள். குந்தவை பையின் காதை விடாமல் பிடித்துக்கொண்டு, அழுகையை அடக்கிய முகத்தோடு கூடவே ஏறினாள். ஆற்றில் விடும் முன் நெல்லை மறுபடியும் போட்டுக் காட்டுவது அடிகளின் வழக்கம். திரை விலகியது. குடங்கள் வந்தன.

"நெல்லை எடுக்கச் சொல்லு தாயி."

"இருங்க சாமி. முதல்ல இது."

பைக்குள் கையை விட்டு, ஒரு முட்டையை எடுத்தாள்.

"அய்யய்யோ! அசைவம்! தீட்டு!" சீடர் பாய்ந்து வருவதற்குள் முட்டை முதல் குடத்துக்குள் விழுந்துவிட்டது. அடியில் போய்த் தங்கியது. பையிலிருந்த கரண்டியால் எடுத்து இரண்டாவதில் போட்டாள். தங்கியது. மூன்றாவதில் போட்டாள். முங்கி, எழும்பி, வழுக்கைத் தலையைக் காட்டிக்கொண்டு நிம்மதியாக மிதந்தது.

படித்துறை முழுவதும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. அத்தனை பேரும் அந்த வாரம்தான் வீட்டில் முட்டை போட்டுப் பார்த்தவர்கள்.

முதலில் வாயைத் திறந்தது வைத்தியலிங்கம். "ஒரு ரூவா அகலத்துக்கு மேலயே தெரியுதே!" தொழில் அக்கறையோடு எட்டிப் பார்த்தார். "உப்பு ரொம்ப ஜாஸ்தி போட்டிருக்கான்யா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடிகள் தளரவில்லை. அந்தத் தொழிலில் தளர்ந்தால் பிழைக்க முடியாது.

"முட்டையும் ஒரு வித்துதானே!" என்று மைக்கில் முழங்கினார். "உள்ள உயிர் இருக்கு, ஞானம் இருக்கு. அதையும் மூலவித்து வழி ஏந்திக்கிச்சு, பாருங்க!"

"அப்ப இதுக்கும் ஒன்பது வயசு வரைக்கும் எழுத்தைக் காட்டக் கூடாதுங்களா?" என்றாள் நீலா.

சிரிப்பு படித்துறையின் மேல்படிவரை போனது.

"மூணு குடத்துலயும் ஒரே தண்ணிதானே சாமி? மூணாவதுல ஒரு மடக்கு குடிச்சுக் காட்டுங்க."

"நான் மௌன விரதம் தாயி."

"மைக்ல சொல்றீங்களே!"

வரிசையில் பேரனோடு நின்றிருந்த மருதையன் விறுவிறுவென்று மேடை ஏறி, விரலை மூன்றாம் குடத்தில் விட்டு நக்கினார். முகம் கோணியது. "தூ! கருவாடே போடலாம்யா இதுல!" இரண்டாவதை நக்கினார். "இது பச்சத்தண்ணி."

அதற்குப் பிறகு வரிசை வரிசையாக இல்லை. ஆளாளுக்கு நக்கிப் பார்த்தார்கள். ஒருவன் திரையைக் கிழித்தான். பின்னால் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து இன்னொரு சீடர் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். அடிகள் ஆற்றில் இறங்கி ஓடினார். கடைமடை ஆறு, சேறு முழங்காலைப் பிடித்துக்கொண்டது. மிதக்கவும் முடியவில்லை, மூழ்கவும் முடியவில்லை. போலீஸ் ஜீப் வரும்வரை அப்படியே நின்றார்.

ராம்கி மூலப்பெட்டிக்காக எடுத்து வந்த பணத்தைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொண்டு கேட்டான். "வீட்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா? எனக்கே கேக்கப் பிடிக்கலைங்க."

கதை இங்கே முடிந்திருந்தால் நாம் நல்ல ஜனங்கள். முடியவில்லை. கனகா என்ற ஒரு தாய், இடுப்பில் பிள்ளையோடு நீலாவை மறித்தாள்.

"அக்கா, அப்ப எம்பிள்ளைக்கு எந்தப் புக்குதான் வாங்குறது?"

"எனக்குத் தெரியாதும்மா."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. உங்க கை ராசியான கை. அந்த முட்டையைப் போட்டுப் பார்த்து நீங்களே சொல்லிடுங்களேன்."

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருத்தி முட்டைக்குக் குங்குமம் வைக்கலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. நீலாவுக்கு ஒரு நொடி உள்ளுக்குள் இனித்தது. தன் பிள்ளைக்கு எது சரி என்று தெரியாத தவிப்பைவிட, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சரியானது தெரிந்தவளாக உட்காருவது எத்தனை சுலபம்! அடிகளும் இப்படித்தான் ஆரம்பித்திருப்பார்.

"ஒண்ணு வாங்கிக் கொடுங்க" என்றாள். "பக்கத்துல உக்காந்து பாருங்க. பிள்ளை மேல மேல கேட்டா அது நல்ல புக்கு. தூங்கிப் போச்சுன்னா வேற வாங்குங்க. தப்பாயிருந்தா மாத்திக்கலாம்."

"அவ்ளோதானா?" கனகாவுக்கு ஏமாற்றம். குடத்தில் இருந்த கம்பீரம் இதில் இல்லை.

வழியெல்லாம் குந்தவை அட்டையில்லாத புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். ஆடு பஸ் ஏறியது. கண்டக்டர் விசில் ஊதினார். மூட்டை மறுபடியும் நீலாவின் தோளில் இருந்தது; வலித்தது, ஆனால் அவளுடைய மூட்டை.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அந்த முட்டையை அவித்து, உரித்து, பிள்ளைக்குக் கொடுத்தாள். எல்லாம் முன்யோசனைதான். விதை நெல்லைச் சோதிக்காமல் வயலில் போடாத மக்கள், பெற்ற பிள்ளையைச் சோதிக்காத குடத்தில் போட வரிசையில் நிற்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் எதையும் அது சாமியாவதற்குள் தின்றுவிடுவதுதான் நல்லது.