லெஃப்ட் பேக்கில் நின்ற கல்யாணம்

கோல்கீப்பர் வரைக்கும் சம்பந்தம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. லெஃப்ட் பேக்குக்கு வந்ததும் நின்றுவிட்டது.

பெண்ணைப் பெற்றவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். பையனைப் பெற்றவர் கணக்கு வாத்தியார். மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன வாத்தியார், நாலு மூன்றுக்கு வந்தார். டைம்கீப்பர் அதை எங்கும் எழுதிவைக்கவில்லை, மனதோடு வைத்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய பெருந்தன்மை. சொந்த மைத்துனன் ஓட்டிவந்த பஸ்ஸை ஒரு நிமிடம் தாமதம் என்று ஏட்டில் எழுதிவிட்டு, நாலு வருஷம் அந்த மைத்துனன் வீட்டு வாசலை மிதிக்க முடியாமல் இருந்த மனிதர் அவர்.

மூத்த மகளுக்கு இருபத்தொன்பது நடக்கிறது. இதற்கு முன் வந்த இரண்டு இடங்களும் அவர் வாயால்தான் போயின. அதனால் காலையில் சட்டைக்கு இஸ்திரி போடும்போதே மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"அவங்க என்ன சொன்னாலும் ஆமான்னு தலையை ஆட்டுங்க. பூமி தட்டைன்னு சொன்னாலும் ஆமா."

"அது எப்படி, தட்டைன்னு சொன்னா..."

"பாத்தீங்களா, இதான்!"

ஆகவே டைம்கீப்பர் தலையாட்டினார். பையனின் வேலை, வாடகை வீட்டின் தண்ணீர் வசதி, வாத்தியாரின் முழங்கால் வலி எல்லாவற்றுக்கும் பாரபட்சமில்லாமல் ஆட்டினார். அப்புறம்தான் தெரிந்தது, இரண்டு பேரும் சிவப்புச் சட்டை ஃபுட்பால் கிளப்பின் ரசிகர்கள் என்று. நாற்பது வருஷமாக ஒரே மைதானத்தில் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கை வேர்க்கும்வரை விடவில்லை.

அதுவரை டீயையே பார்த்துக்கொண்டிருந்த பையன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"அங்கிள், நம்ம கிளப்புல இதுவரைக்கும் ஆடினவங்கள்லயே பெஸ்ட் பதினொரு பேரைப் பொறுக்கி எடுக்கணும்னா, யாரைப் போடுவீங்க?"

பெரியவர்களிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த பிள்ளை! டைம்கீப்பருக்கு மனசு குளிர்ந்துபோனது.

"கோல்ல பீரோ," என்றார்.

"பீரோவேதான்!" என்றார் வாத்தியார். "அந்த ஆளைத் தாண்டி காத்துகூடப் போகாது."

பெண்கள் சிரித்தார்கள். மூத்த மகள் பிஸ்கட் தட்டை வைத்துவிட்டு, போகிற போக்கில் கேட்டாள்.

"லெஃப்ட் பேக் யாருப்பா?"

"கத்திரிக்கோல்," என்றார் டைம்கீப்பர்.

"தபால்," என்றார் வாத்தியார், அதே நொடியில்.

வாத்தியார் டீயில் தோய்த்த பிஸ்கட் பாதி உடைந்து உள்ளே விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"தபால் பந்தை அனுப்பினா, அனுப்பின இடத்துக்குக் கரெக்டாப் போய்ச் சேரும். அதனாலதான் சார் அந்தப் பேரே வந்துச்சு."

"போய்ச் சேரும் சார். ஆனா பாதி நேரம் எதிராளி காலுக்கில்ல போய்ச் சேரும்?"

டைம்கீப்பரின் மனைவி இருமினாள். அவளுக்கு ஜலதோஷம் எதுவும் இல்லை.

டைம்கீப்பர் சுதாரித்துக்கொண்டார். "சரி சார், இதுக்குப் போய் நமக்குள்ள என்ன? ஓட்டு எடுத்துடலாம். ஏழு பேர் இருக்கோம். எப்படியும் ஒரு பக்கம் சாயும்."

ஓட்டு எடுத்தார்கள். மூத்தவள் கத்திரிக்கோலுக்குக் கை தூக்கினாள். பெண்ணுக்குத் தன்மேல் எவ்வளவு பாசம் என்று டைம்கீப்பருக்குக் கண் கலங்கியது. பையன் தன் அப்பாவின் பக்கம் நின்று தபாலுக்குத் தூக்கினான். அது நியாயம். ஆனால் டைம்கீப்பரின் மனைவி, வீட்டுக்கு வந்தவர்கள் மனசு நோகக் கூடாதென்று தபாலுக்குத் தூக்கினாள். வாத்தியாரின் மனைவி, வந்த வீட்டுக்காரர் மனசு நோகக் கூடாதென்று கத்திரிக்கோலுக்குத் தூக்கினாள். மூன்றுக்கு மூன்று. மிச்சமிருந்தது சின்ன மகள்.

"எனக்கு ரெண்டு பேரையும் தெரியாது," என்றாள் சின்னவள், ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல்.

இப்போது சண்டை மூன்று முனைகளில் நடந்தது. "முப்பத்திரண்டு வருஷம் என்கூடக் குடும்பம் நடத்திட்டு கத்திரிக்கோலா?" என்று வாத்தியார் தன் மனைவியைக் கேட்டார். டைம்கீப்பர் தன் மனைவியை எதுவும் கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

"அப்பா, எதுக்கு வாய்ப்பேச்சு?" என்றாள் மூத்தவள் கவலையோடு. "உங்க நோட்டுல எல்லாம் இருக்குமே! எடுத்துட்டு வரட்டா?"

சொல்லி முடிப்பதற்குள் கொண்டுவந்துவிட்டாள். பார்த்த ஆட்டங்களையெல்லாம் நிமிடக் கணக்கில் குறித்துவைத்த நோட்டு அது. ஆதாரம் என்று ஒன்று இருந்தால் படித்த மனிதர் ஒத்துக்கொள்வார் என்று நம்பி, டைம்கீப்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"செமி ஃபைனல். எழுபத்தொண்ணாவது நிமிஷம். தபால். சேம் சைட் கோல்."

வாத்தியாரின் காது சிவந்தது. "அன்னிக்கு மழை சார்."

"மழையையும் எழுதியிருக்கேன் சார். லேசான தூறல்."

மனைவி இப்போது இருமவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் டைம்கீப்பருக்குப் பயம் வந்தது. நோட்டை மூடினார். "சரி, ரெண்டு பேருமே இருக்கட்டும். தபாலே லெஃப்ட் பேக்ல நிக்கட்டும். கத்திரிக்கோலை முன்னாடி லெஃப்ட் விங்குக்குத் தள்ளிடுவோம். ஓடக்கூடிய ஆள்தானே?"

நல்ல யோசனைதான். வாத்தியார் மட்டும் மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"லெஃப்ட் விங் எங்க அண்ணன் ஆடின இடம்."



"பெரியப்பா மொத்தமே ரெண்டு மேட்ச்தானேப்பா ஆடினார்?" என்றான் பையன், தெரிந்துகொள்ளும் ஆவலில்.

"ரெண்டு மேட்ச் ஆடினவரை எல்லாக் காலத்துக்குமான டீம்ல சேத்துக்குவாங்களாப்பா?" என்றாள் மூத்தவள் தன் அப்பாவிடம், அதே ஆவலில்.

டைம்கீப்பருக்குத் தெரியும், இந்த இடத்தில் தலையை மட்டும் ஆட்ட வேண்டும். தலையும் ஆட ஆரம்பித்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டு இல்லம்மா. ஒண்ணே முக்கால். ரெண்டாவது மேட்ச்ல அறுபத்தெட்டாவது நிமிஷமே அவரை வெளியே எடுத்துட்டாங்க."

கணக்கு சரியாக இருந்ததுதான் கணக்கு வாத்தியாருக்கு அதிகம் வலித்தது. எழுந்துவிட்டார்.

"கிளம்பு," என்றார் மனைவியிடம். "நம்ம குடும்பத்தை நிமிஷக் கணக்குல அளக்கற வீடு நமக்கு வேணாம்."

"உக்காருங்க சார், ஏதோ வாய்தவறி..."

"வாய்தவறி அறுபத்தெட்டுன்னு வராது சார். அறுபது, எழுபதுன்னுதான் வரும்."

 வாத்தியார் வாசலில் ஒரு காலில் ஷூவை மாட்டிவிட்டார். முழங்கால் வலியால் இன்னொரு காலுக்குக் குனிய நேரமானது. அந்த நேரத்தில்தான் டைம்கீப்பர் திரும்பிப் பார்த்தார்.

சமையலறைக் கதவோரம் மூத்தவள் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். கையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது.

 மூன்றாவது முறை. மூன்று முறையும் அதே வாய். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியது கத்திரிக்கோல் ஆட்டத்தைத்தான். எதிராளியின் காலில் இருக்கும் பந்தை, ஆளைத் தொடாமல் வெட்டி எடுக்கிற அந்த அழகுக்கு முன்னால் தபால் கிட்ட நிற்க முடியாது. அது உலகத்துக்கே தெரியும். ஆனால் கத்திரிக்கோலுக்கு இனி என்ன ஆகப்போகிறது? இவளுக்கு ஆக வேண்டுமே.

வாசலுக்குப் போனார்.

"சார். தபாலே இருக்கட்டும்."

"எனக்கு யாரும் இரக்கப்பட வேணாம்."

"இரக்கம் இல்ல சார். தபால்தான்..."  கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். "தபால்தான் நல்ல ஆட்டக்காரன். லெஃப்ட் விங்ல உங்க அண்ணன். கத்திரிக்கோல் வெளியே உக்காரட்டும்."

மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் இப்படி ஒரு வாக்கியம் பேசி அவள் கேட்டதில்லை.

 வாத்தியார் மாட்டிய ஷூவைக் கழற்றினார்.

"நானும் ஓவராப் போயிட்டேன் சார். அண்ணனை எடுத்துடுங்க. நமக்குள்ள பேசிக்கிறதுதானே, அவர் சுமார்தான்."

"சேச்சே, இருக்கட்டும் சார்."

"வேணாம் சம்பந்தி, எடுத்துடுங்க."

சம்பந்தி! இருவரும் கட்டிக்கொண்டார்கள். வாத்தியாரின் மனைவி கண்ணைத் துடைத்தாள். டைம்கீப்பரின் மனைவி காலண்டரை எடுக்க ஓடினாள்.

பையன் முகம் வெளுத்திருந்தது. "அங்கிள், ரைட் பேக்?" என்றான் அவசரமாக. "ரைட் பேக் யாருன்னு இன்னும் பேசலையே?"

"நீங்க யாரைச் சொல்றீங்களோ அவர்தான் மாப்பிள்ளை!" என்றார் டைம்கீப்பர்.

"கேப்டன்? கேப்டன் யாருன்னாவது..."

"சும்மா இருடா," என்றார் வாத்தியார் அன்போடு. "பாருங்க சம்பந்தி, எவ்வளவு சந்தோஷம் இவனுக்கு!"

அடுத்த மாதம் ஆறாம் தேதி என்று முடிவானது. மூத்தவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். விருந்தாளிகள் ஐந்து நாற்பத்தேழுக்குக் கிளம்பினார்கள்.

டைம்கீப்பர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். தோற்றுப்போவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று இத்தனை வருஷமாக அவருக்கு யாரும் சொல்லவில்லை. மனைவி கேட்காமலே இன்னொரு டீ கொண்டுவந்து கொடுத்து, "எங்க அண்ணன்கிட்ட சொன்னா நம்பவே மாட்டான்," என்றாள்.

அறைக்குள்ளிருந்து விசும்பல் சத்தம் கேட்டது.

"ஆனந்தக் கண்ணீர்," என்றார் டைம்கீப்பர். "போய்ப் பாரும்மா, அக்காவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு."

சின்னவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, அவர் முன்னால் நின்று, முதல்முறையாக ஃபோனைக் கீழே வைத்தாள்.

"அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் ரெண்டு பேருக்குமே இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லப்பா. நேரா சொன்னா நீங்க பிடிவாதமா நடத்தி வெச்சிடுவீங்கன்னுதான், போன வாரமே ஃபோன்ல பேசி வெச்சுக்கிட்டு இந்த டீமை நடுவுல இழுத்துவிட்டாங்க. நீங்க போய் விட்டுக்கொடுப்பீங்கன்னு யாருப்பா கண்டா?"