மேல்குரல்

கண்ணாடிக்கடைக்காரர் தரையில் குப்புறப் படுத்து, சோபாவுக்கு அடியில் கையை விட்டு ஒரு ஒயரைத் துழாவிக்கொண்டிருந்தபோது கைபேசி மூன்றாவது முறையாக அடித்தது.

“அப்பா, முடிவு பண்ணிட்டீங்களா?” என்றாள் மகள்.

“சனிக்கிழமை சொல்றேன்னுதானே சொன்னேன்?”

“இன்னைக்குத்தான்பா சனிக்கிழமை.”

எழுந்த வேகத்தில் அவர் தலை சோபாவில் ‘ணங்’கென்று இடித்தது. “ராத்திரிக்குள்ள சொல்றேன்” என்று தலையைத் தேய்த்துக்கொண்டே போனை வைத்தார்.

முடிவு இதுதான். மகள் அவரைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒற்றை ஆளுக்கு எதற்கு மூன்று அறை என்பது அவள் கேள்வி. இவரோ, “அந்தச் சத்தம் திரும்பி வந்துச்சுன்னா இங்கேயே இருந்துடறேன். வரலைன்னா மூட்டை முடிச்சோட வந்துடறேன்” என்று சொல்லியிருந்தார். அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோய், அவளும் சரி என்றிருந்தாள்.

அவரிடம் ஒரு எலெக்ட்ரிக் கிடார் உண்டு. கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே, காலால் மிதிக்கிற ஓர் இரும்புப் பெட்டி உண்டு. ஆக்டேவ் ஃபஸ் பெடல் என்று பெயர். கிடாரின் ஒலியை அது கரகரப்பாக்கும். அதோடு, வாசிக்கிற சுரத்தையே ஒரு ஸ்தாயி மேலே இன்னொரு மெல்லிய குரலாகச் சேர்த்துக் கொடுக்கும். பதினோரு வருடமாக, கடையை அடைத்துவிட்டு வந்து, ஆறு மணியிலிருந்து ஏழு வரை அவர் ஒரே மெட்டை வாசித்தார். சொந்த மெட்டு. வேறு எவரும் அதற்குச் சொந்தம் கொண்டாடவில்லை.

மனைவி அந்தப் பெட்டிக்குக் ‘கொசு டப்பா’ என்று பெயர் வைத்திருந்தாள். இவர் கிடாரை மடியில் வைத்ததும் அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கூடப் பாடினாள். “சுருதி ஒரு பஸ்ல போகுது, நீ வேற பஸ்ல போற” என்று இவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றோடு அவள் பாட்டு நின்றுபோயிற்று. அதை ஒரு நல்ல ஜோக்காக இவர் நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார்.

சாப்பிடும்போது கேட்பார்: “இன்னைக்கு மேல்குரல் எப்படி வந்துச்சு, கேட்டியா?”

“கேட்டேன், கேட்டேன். உங்க டப்பாவுக்கு நல்ல தொண்டை” என்பாள், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

சில நாள் அந்த மேல்குரல் வராது. மகளுக்குக் குழந்தை பிறந்த மாதம் முழுக்க வரவே இல்லை. காற்றில் ஈரப்பதம் அதிகம் என்று இவர் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

மனைவி படுக்கையில் விழுந்த அன்று கிடாரை உறைக்குள் வைத்தவர், அவள் இறந்து ஒரு வருடம் கழித்து இந்த வாரம்தான் வெளியே எடுத்தார். பெட்டி கத்தியது, உறுமியது, கனைத்தது. மேல்குரல் மட்டும் இல்லை. அவளைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று அவருக்குத் தெரியும். அவள் இருந்தபோது இந்த வீட்டில் கேட்ட ஒரு சத்தத்தையாவது கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஏங்கினார்.

இளவயதில் கூட வாசித்த நண்பருக்குப் போன் போட்டார். நண்பரை எல்லோரும் ‘டிரம்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது அவர் வாசிப்பது டிரம்ஸ் இல்லை, செய்தித்தாள்.

“கழுத்துப் பக்கத்து பிக்கப்புக்கு மாத்து. டோனைச் சுத்தமா குறைச்சுடு. பன்னெண்டாவது கட்டுக்கு மேல ஒத்தை ஒத்தை சுரமா வாசி” என்றார் டிரம்ஸ்.

தந்தியின் ஒலியைப் பிடிக்கிற அந்தப் பிக்கப்பை இவர் மாற்றினார், டோனைக் குறைத்தார், ஒற்றை ஒற்றையாக வாசித்தார். கிடாருக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

“பேட்டரி புதுசா?” என்று கேட்டார் டிரம்ஸ்.

“நேத்துத்தான் வாங்கினேன்.”

“அதான் தப்பு! இந்த மாதிரி பெட்டிக்கெல்லாம் அரை உசுரு போன பேட்டரிதான் ராசி. பழசா ஒண்ணு பார்த்துப் போடு.”

அரை உயிர் போன சதுர பேட்டரிக்கு எங்கே போவது? சமையலறைக் கூரையில், புகை வந்தால் அலறுகிற கருவி கண்ணில் பட்டது. நாற்காலி போட்டு ஏறினார். மூடி திறக்கவில்லை. கொஞ்சம் பலமாகத் திருகியதில் கருவியே கையோடு வந்துவிட்டது, கூடவே கூரையின் சுண்ணாம்பில் ஒரு கைப்பிடி. தும்மிக்கொண்டே இறங்கி, பேட்டரியைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டு மிதித்தார்.

மேலே ஒரு குரல் வந்தது!

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆண் குரல். ‘அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்தில் ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்.’

“டேய், பெட்டியில ரேடியோ வருதுடா!”

“நியூசா, பாட்டா?”

“நியூஸ்!”

“அப்ப நீ கழட்டாதே, ரிப்பேர் கடைக்குக் கொண்டு போ” என்றார் டிரம்ஸ். அதற்குள் இவர் நான்கு திருகாணிகளைக் கழற்றியிருந்தார். அதில் ஒன்று சோபாவுக்கு அடியில் போயிருந்தது.

ரிப்பேர் கடைக்காரர் பெட்டியைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து வெகுநேரம் பார்த்தார். அந்தக் கண்ணாடியில் ஓரமாக ஒரு கீறல் இருப்பது நம் ஆளுக்கு உடனே தெரிந்துவிட்டது. முப்பது வருடத் தொழில். மயிரிழைக் கீறல்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது.

“இந்தச் சின்ன சுவிட்சுதானே மேல்குரலுக்கு?” என்றார் ரிப்பேர் கடைக்காரர்.

“ஆமா. அதை நான் அணைச்சதே இல்ல.”

“போட்டாலும் ஒண்ணுதான், அணைச்சாலும் ஒண்ணுதான். இதுலேர்ந்து போற கம்பியைப் பத்த வைக்கவே இல்லையே. ஈயம் வெச்ச தடம்கூட இல்ல, பாருங்க. செஞ்சவங்களே மறந்துட்டாங்க.”

“இல்லைங்க, அது அறுந்திருக்கும். பதினோரு வருஷமா கேட்டிருக்கேன்.”

“இது பொறந்ததுலேர்ந்தே ஊமை சார்.”

“நான் என் காதால கேட்டேங்க!”

“அப்ப காதை வேற கடையிலதான் காட்டணும்” என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் சூட்டுக்கோலை எடுத்தார். ஒரு துளி ஈயத்தில் வேலை முடிந்தது. புது பேட்டரி ஒன்றையும் போட்டு, “இனிமே பாடும்” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு. காபிக்காகப் பாலை அடுப்பில் வைத்தார். எல்லாம் பழையபடியே இருக்கட்டும் என்று சமையலறைக் கதவைச் சாத்தினார். உட்கார்ந்தார். பெட்டியை மிதித்தார். மெட்டைத் தொடங்கினார்.

மேல்குரல் வந்தது. சந்தேகமே இல்லை, ஒரு ஸ்தாயி மேலே, அட்சரம் பிசகாமல். தகரத்தைத் தரையில் போட்டு இழுத்த மாதிரி இருந்தது. அவர் நிறுத்திவிட்டு மறுபடி வாசித்தார். டோனைக் குறைத்தார், கூட்டினார். பன்னிரண்டாவது கட்டுக்கு மேலே, கீழே, எங்கே போனாலும் அதே தகரம். ஏழெட்டுத் தடவை வாசித்தார். பழைய குரல் சில சுரங்களுக்குக் கொஞ்சம் தயங்கித்தான் வந்து சேரும். வளைவுகளில் லேசாக மூச்சு வாங்கும். இது எதற்கும் தயங்கவில்லை.

சரி பண்ணிய பிறகும் வராதது இனி எங்கிருந்து வரப் போகிறது? பதினோரு வருடம் கேட்டது பொய் என்றால், அந்தச் சாயங்காலங்களே பொய்யாகிவிட்ட மாதிரி இருந்தது. கிடாரைக் கீழே வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

“வந்துடறேன்மா.”

“நிஜமாவாப்பா? அந்தச் சத்தம்?”

“அது வராதும்மா” என்றார். போனை வைத்துவிட்டு, முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வாசல் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால், கீழ்வீட்டு நர்ஸ். இவரைத் தள்ளாத குறையாக உள்ளே ஓடி, சமையலறைக் கதவைத் திறந்தாள். கரும்புகை குபுகுபுவென்று வெளியே வந்தது. பால் இருந்த இடத்தில் கரி இருந்தது. அலற வேண்டிய கருவி மேஜைமேல் வயிறு திறந்து கிடந்தது.

இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளே அடுப்பை அணைத்தாள், ஜன்னலைத் திறந்தாள், பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தண்ணீரில் போட்டாள்.

“மன்னிச்சுக்கம்மா” என்றார் இவர். “புகை மட்டுமா, இத்தனை வருஷமா என் சத்தமும் உனக்குத் தொல்லையாத்தான் இருந்திருக்கும். இனிமே இருக்காது. வீட்டைக் காலி பண்றேன்.”

“தொல்லையா? நைட் டியூட்டிக்கு என்னை எழுப்பி விட்டதே அதுதானே சார். அலாரம் வெச்சதே இல்ல. இன்னைக்குத்தான் என்னமோ தகரத்தைப் பிறாண்டுற மாதிரி இருந்துச்சு.”

“அது பெட்டியோட குரல். முன்னாடி வேற ஒண்ணு கேக்கும்மா. மெல்லிசா, கூடவே வரும். அது எங்க போச்சுன்னுதான் தெரியல.”

நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள். அதற்கு நேர் கீழேதான் அவள் படுக்கையறை ஜன்னல். கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“எனக்குத் தெரியும் சார். ஆனா சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்.”

“யாருக்கு?”

“அக்காவுக்குத்தான். ‘கதவைச் சாத்திக்கிட்டு நான் பாடுறதை, அந்த டப்பா பாடுதுன்னு நினைச்சு மனுஷன் சந்தோஷமா இருக்காரு, நீ சொல்லித் தொலைச்சுடாதே’ன்னாங்க சார்.”