‘கோரம்’ தலைமையில் கூட்டம்

ஆளே வராத கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, அதை முறைப்படி ஒத்திவைத்து, மினிட் புக்கில் கையெழுத்தும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன தலைவர் இந்தியாவிலேயே ஒருத்திதான். அவளை நாங்கள் ‘கோரம்’ என்போம். அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள்.

திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் உள்ள ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் நான் கிளார்க். ஊருக்கு ஒரு மாணவர் மன்றம் அமைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. பள்ளியிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்து, மாலை போட்டு, போட்டோ எடுத்தோம். போட்டோ மேலே போனது, பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். அத்தோடு மன்றம் முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டதும், தலைவர் என்று நாங்கள் பெயர் எழுதி அனுப்பியிருந்த இந்தப் பெண் மட்டும் சைக்கிளில் வந்து இறங்கினாள்.

“யாரும் வரல. கையெழுத்த மட்டும் போட்டுட்டுப் போ பாப்பா” என்றேன்.

“அதெப்படி சார்? நாலு பேராச்சும் இருக்கணும். கோரம் இல்லாட்டி கூட்டம் செல்லாது. புஸ்தகத்துல போட்டுருக்கு.”

அந்த வழிகாட்டிப் புத்தகத்தை மாவட்டத்திலேயே அவள் ஒருத்திதான் படித்திருப்பாள். பியூன் ராசு எட்டிப் பார்த்து, “கோரமா? கூட்டம் அம்புட்டு மோசமாவா நடந்துச்சு?” என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு மாதாமாதம் ராசு, “கோரம் வந்துருச்சு” என்று குரல் கொடுப்பார். எங்கள் செயல் அலுவலர் கொளுத்தும் வெயிலில் தெருவிளக்கு ஆய்வுக்குக் கிளம்பிவிடுவார்.

அவள் பேச நினைத்தது ஒரே விஷயம்தான். பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்கென்று கட்டிய கழிப்பறையைத் திறப்பு விழா நடந்த அன்றே பூட்டிவிட்டோம். தண்ணீர் இணைப்பு கொடுக்கவில்லை.

“ஸ்கூல் விட்டு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸுக்கு நிக்கிறோம் சார். அதுக்குப் பயந்தே மத்தியானத்துலருந்து எங்க செட்டுல ஒருத்தியும் தண்ணி குடிக்கிறதில்ல. போன வாரம் ஒரு பிள்ள மயங்கி விழுந்துட்டா.”

‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதிக்கொண்டேன். அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியாது.

ஏழு மாதம் ஒத்திவைத்த பிறகு எட்டாம் மாதம் அவளே ஆள் பிடித்து வந்தாள். ஒருத்தியை டியூஷனிலிருந்து பாதியில் கிளப்பியிருந்தாள். ஒருவன் கிரிக்கெட் மட்டையோடு வந்தான். இன்னொருவனுக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் இரண்டும் பூசணிக்காய் மாதிரி இருக்க, தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான்.

“ஏலே, நீ வாயத் தொறக்க வேணாம். கையத் தூக்கு, போதும்” என்றாள்.

கழிப்பறையைத் திறக்கக் கோரும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எனக்கே கை தூக்கத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து எங்கள் அலுவலகத்தில் மூன்று பேருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. மாணவர் மன்றத்தால் எங்கள் நிர்வாகத்தில் ஏற்பட்ட ஒரே மாற்றம் அதுதான்.

மன்றத்துக்குத் தீர்மானம் போட அதிகாரமில்லை, ஆலோசனை மட்டும் சொல்லலாம் என்று பதில் போட்டார் செயல் அலுவலர். அதையே ஆலோசனையாக மாற்றி எழுதிக் கொண்டுவந்தாள். ஆலோசனை அடுத்த ஆண்டு பார்க்கப்படும் என்றோம். அடுத்த ஆண்டும் வந்தது. அதற்குள் அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால், உறுப்பினர் பதவி போயிற்று என்று ஒரு கடிதம். அதை டைப் அடித்தவன் நான்தான்.

நின்றபடியே படித்தாள். “பதினெட்டு ஆனா ஓட்டுப் போடலாங்கிறாங்க. இங்க உக்காரக் கூடாதுங்கிறீங்க. சரி சார், எனக்குப் பதிலா யாரு?”

யாருமில்லை. மன்றம் மறுபடி கூடவேயில்லை. கழிப்பறை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அதன் வாசலை மறைத்து இப்போது யாராவது ஒருவருடைய பிறந்தநாள் பேனர் தொங்கும்.

போன மாதம் அதே பஸ் ஸ்டாண்டில் மில் வேனுக்காக நின்றிருந்தாள். நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷமாகிறதாம். முகம் வாடியிருந்தது.

“நல்லாருக்கீங்களா சார்? ராசண்ணன் நல்லாருக்காரா?” என்று கேட்டாள். கழிப்பறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேன் வந்தது, ஏறிக்கொண்டாள்.

‘சண்டை போடவாச்சும் ஒருக்கா ஆபீஸ் பக்கம் வந்துட்டுப் போ தாயி’ என்று சொல்ல வாயெடுத்தேன். வேன் கிளம்பிவிட்டது.