தாத்தா கல்லறைக்கு டார்ச்சு வெளிச்சம்

மாதா துணை

சேரப்பணஞ்சேரி,
நவம்பர் 3

அன்பும் பாசமுமுள்ள பேத்தி மெர்சிக்கு, அஞ்சாங்கிளாஸோடு நின்றாலும் இன்றுவரை கண்ணாடி போடாமல் எழுதும் உன் பாட்டி ராஜம்மா எழுதிக்கொண்டது. என் முட்டியைத் தவிர இங்கு எல்லாரும் சுகம்.

ஹோண்டுராஸ் நாட்டில் நீ வேலை செய்யும் ஓட்டலுக்குப் பக்கத்தில், உனக்கு ரூம் கொடுத்த பெலிசியா அம்மாளைப் பற்றி எழுதியிருந்தாய். அவர்கள் கரிஃபுனா ஜனங்கள், செத்த பெரியவர்களுக்குக் கடலோரக் கொட்டகையில் மேளம் அடித்து, மீனும் மரவள்ளி ரொட்டியும் படைப்பார்கள் என்றாய். அதை வாராவாரம் ஓட்டல் டூரிஸ்ட்டுகளுக்கு நடத்திக் காட்ட வேண்டுமாம், இல்லையென்றால் கொட்டகைக்குப் போகும் வழியில் ஓட்டல் வேலி குறுக்கே வருமாம், அந்தம்மாளை நீ சம்மதிக்க வைக்க வேண்டுமாம். இப்படிச் சொல்கிற உன் மேனேஜருக்கு நல்ல புத்தி. அந்தம்மாள் கிழங்கு துருவுவதையே தினமும் போட்டோ எடுக்கிறார்களே, போதாதா? தூது போகாதே மெர்சி.

வேலி நமக்குப் புதுசா? நம் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி ஃபாக்டரி கட்டிய கம்பெனியின் மதில் வந்து பதினோரு வருஷம். நேற்று கல்லறைத் திருநாள். பொழுது சாய்ந்து, மாலையும் மெழுகுவர்த்தியுமாக உன் தாத்தாவைப் பார்க்கப் போனால், கேட்டில் வாட்ச்மேன் வேல்ராஜ், திருநெல்வேலிப் பையன், என் கழுத்தில் பாஸ் மாட்டி, தலையில் ஹெல்மெட்டையும் கவிழ்த்துவிட்டான். "கல்லறையில மண்டைமேல இன்னாடா வுழும்?" என்றேன். "ரூல் ஆச்சி. மெழுவர்த்தியும் இங்கயே இருக்கட்டும். உள்ள நெருப்பு காட்டுனா என் வேலை போயிரும்" என்றான். "அப்போ உங்க தாத்தா இருட்டுல கெடக்கட்டும்னு சொல்றியா?" என்றதும் பாவம், கூடவே வந்து, செல்லில் டார்ச்சு அடித்துக் கல்லறைமேல் பிடித்தான். நான் பாதி ஜெபத்தில் இருக்கும்போது அந்த செல் குத்துப்பாட்டுப் பாடியது. எடுத்தால் சூப்பர்வைசர். "கல்லறைல நிக்கேன் சார்" என்கிறான் இவன். உன் தாத்தா உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான், என்னை முழுசாக ஜெபம் பண்ண விட்டதில்லை.

ஹெல்மெட் போட்டேன், பாஸ் மாட்டினேன். ஆனால் யாருக்கும் வேடிக்கை காட்டவில்லை. செத்தவர்களை வைத்து வித்தை காட்டக் கூடாது, சேரப்பணஞ்சேரி ராஜம்மா சொன்னாள் என்று அந்தம்மாளிடம் சொல்.

வேளைக்குச் சாப்பிடு. இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன்.

பாட்டி
ராஜம்மா

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். கம்பெனி ஆபீசர் கலைமணி வந்திருந்தார். அடுத்த வாரம் வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்களாம். 'இந்த ஊர் வழக்கம்' என்று அவர்கள் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிக் காட்டினால், அன்று மட்டும் நெருப்புக்கு அனுமதியாம், ஹெல்மெட்டும் வேண்டாமாம். பதினோரு வருஷம் இருட்டில் கிடந்த மனுஷன், மெர்சி. சரி என்று சொல்லிவிட்டேன். போட்டோவுக்குச் சிரிக்க வேண்டுமா, அழ வேண்டுமா? பெலிசியா அம்மாளுக்குத்தான் பழக்கம், கேட்டு எழுது.