நூற்றுப் பதிமூன்றாவது வீடு

“…அப்ப நம்ம வீடு உள்ள வரணும்னா இன்னொருத்தவங்க வீடு வெளிய போவணும், அதானடா சொல்ற?” என்று என் அக்கா மாரியாயி தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

எண்பதுகளின் கடைசி. மலேசியாவில் ஆயர் தாவார் பக்கமிருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அன்றைக்கு நாலு மணிக்கு மேனேஜர் வந்து குடும்பப் பட்டியலை வாங்கிக்கொள்வார். அதில் இல்லாத குடும்பத்துக்குப் புது வீடு கிடையாது. பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் அக்காதான் பல வருடமாக எல்லார் விவரத்தையும் அட்டைகளில் எழுதி, லயத்துக்கு, அதாவது வீட்டு வரிசைக்கு, ஒன்றாக ஐந்து பிஸ்கட் டின்களில் வைத்திருந்தாள். நானோ ஈப்போவில் கம்ப்யூட்டர் கடையில் வேலை. (வேலை என்றால், பெட்டி தூக்குவது. மற்றதெல்லாம் எட்டிப் பார்த்துக் கற்றது.) டின்களைக் கண்டதும் சிரித்தேன். கடை முதலாளி தவுக்கேயிடம் கெஞ்சி ஒரு கம்ப்யூட்டரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

கோப்புகளை எப்படி வைப்பது என்பதுதான் முதல் கேள்வி. பிளாப்பி டிஸ்குக்குள் அறை அறையாகத் தடுத்து வைக்கலாம். தடுப்பே இல்லாமல் ஒரே கூடத்திலும் விடலாம். “லயம் லயமா பிரிச்சு வையி லா, தேட லேசா இருக்கும்,” என்றாள் அக்கா. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நம்மை லயம் லயமாய்ப் பிரித்தது போதாதா, என் டிஸ்கில் மேட்டு லயம், பள்ளத்து லயம் கிடையாது, எல்லாரும் ஒரே கூடத்தில் சமமாக உட்காருவார்கள் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். கைதட்டினார்கள். (அதோடு கெட்டேன்.)

குடும்பத்துக்கு ஒரு கோப்பு. இரண்டு நாள் தட்டினேன். சொந்த வீட்டை முதலில் போட்டுக்கொண்டான் என்று பேர் வரக்கூடாதென்று எங்கள் வீட்டைக் கடைசிக்குத் தள்ளினேன். மூன்றரைக்கு நூற்றுப் பன்னிரண்டு முடிந்தது. அடுத்தது நாங்கள். முடியாது என்றது மெஷின். டிஸ்கில் பாதி இடம் காலி என்று சொன்னதும் அதே மெஷின்தான். மறுபடி தட்டினேன். முடியாது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒன்றை அழித்துத்தான் பார்ப்போமே, தனி ஆள்தானே என்று மூக்கன் மாமாவை அழித்தேன். நாங்கள் சடாரென்று உள்ளே போய்விட்டோம்.

மூக்கன் மாமா என் தோளுக்குப் பின்னால், எனக்காகக் கலக்கிய தேத்தண்ணியோடு நின்றிருந்தார்.

“நம்ம பேரு போயிருச்சாப்பா?” என்றார், கோப்பையைக் கீழே வைக்காமல்.

இடம் நிறைய இருக்கிறது, ஆனால் ஒருவர் போனால்தான் ஒருவர் வரலாம் என்று நான் விஞ்ஞானம் பேசினேன். அப்போதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அந்தக் காலத்து டிஸ்கில், உள்ளே எவ்வளவு காலியாக இருந்தாலும், கூடத்தின் வாசல் ஏட்டில் நூற்றுப் பன்னிரண்டு பெயருக்குத்தான் வரி உண்டு. அறை தடுத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு மாதம் கழித்துக் கையேட்டில் படித்தேன். (கையேடு அன்றைக்கும் வேனில்தான் கிடந்தது.) அதற்காக நான் பின்வாங்கவில்லை. இன்றும் சொல்வேன்: என் கொள்கை சரி, வாசலில் தலையை எண்ணி ஆளைத் துரத்திய டிஸ்குதான் தப்பு.

போன மாதம் மகன் ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட உட்கார்ந்து, எந்தக் கோப்பு முறைமை போடலாம் என்று என்னைக் கேட்டான். நான் வாயைத் திறக்குமுன் சமையலறையிலிருந்து என் மனைவி, “நூத்திப் பதிமூணாவது ஆளுக்கு இடம் இருக்கான்னு பாத்துக்க லா,” என்றாள். கல்யாணப் பந்தியில் நாற்காலி பத்தாவிட்டாலும் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். புது வீட்டில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரரான மூக்கன் மாமா, உயிரோடு இருந்தவரை, வேலியோரம் நின்று தினமும், “நம்ம பேரு போயிருச்சாப்பா?” என்று கேட்டார்.

அன்றைக்கு அக்கா கேட்டு முடிப்பதற்குள் மணி நாலு. வெளியே மேனேஜரின் கார் வந்து நின்றது. அக்கா சுவரிலிருந்து கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினாள். ஐந்து டின்களையும் மேசையில் கவிழ்த்தாள். மேட்டு லயம், பள்ளத்து லயம் பார்க்காமல் எல்லா அட்டைகளையும் ஒரே கட்டாகச் சேர்த்தாள். மூக்கன் மாமாவின் அட்டையைத் தேடி எடுத்து மேலே வைத்து, ரப்பர் வளையம் போட்டு, அந்தக் கட்டோடு வாசலுக்கு நடந்தாள்.